கடைசி அத்தியாயம் இல்லாத புஸ்தகம்

சென்ற சித்திரையில் ஒரு சிநேகிதரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்காக நாம் விளாத்திகுளம் போயிருந்தோம். கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம் வழியாகப் பிரயாணம். இரு புறமும் கரிசல் பூமி. மகசூல் எடுத்து முடிந்து, நிலம் கறுத்து, பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. ஊரை நெருங்கும்போது களங்களில் கடைசிப் பறிப்பு மிளகாய்ப் பழத்தைக் காயப் போட்டிருந்தார்கள். அந்தக் கறுப்பின் மேல் அந்தச் சிவப்பைக் கண்டபோது, நமது சித்திரக்காரரை உடன் அழைத்து வராமல் போனோமே என்று வருத்தமாயிருந்தது. அழைத்து வந்திருந்தால் சித்திரை வெயிலைப் பற்றி அவர் சொல்லக்கூடியதையும் நாமே கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கிரகப்பிரவேசத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பாயசம் நன்றாயிருந்தது, அவ்வளவு போதும். நேயர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரு தகரப் பெட்டியைப் பற்றி.

பழைய வீட்டுப் பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது அந்தப் பெட்டியும் இறங்கிற்றாம். உள்ளே வெள்ளிப் பாத்திரம் இருக்குமென்று எண்ணித் திறந்தவர்களுக்குக் கிடைத்தவை பழைய தொடர் கதைகள். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் காகிதத்தில் அட்டை போட்டு வைத்த புஸ்தகங்கள். நமது தமிழ்நாட்டுப் பெண்மக்கள் இப்படிச் சேர்த்து வைத்திராவிட்டால் நமது எழுத்தாளர்களில் பாதிப் பேருடைய எழுத்து பொட்டலம் கட்டவே போயிருக்கும். அவற்றுள் ஒன்று 'என் இனிய இயந்திரா'. எழுதியவர் சுஜாதா. 1980களில் 'ஆனந்த விகட'னில் வாராவாரம் வெளிவந்தது.

சிநேகிதருக்கு ஒரு பெண் உண்டு. ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறாள். வீட்டில் ஹோமம் நடந்துகொண்டிருக்க, அவள் மாடிப்படியின் கீழ் உட்கார்ந்து அந்தப் புஸ்தகத்தை மூன்று நாளாக வாசித்து வந்தாள் என்பது பந்தலில் எல்லோரும் சொன்ன குற்றச்சாட்டு. நாம் பத்திரிகைக்காரர் என்று தெரிந்ததும் நேரே நம்மிடம் வந்தாள்.

"மாமா, இந்தக் கதை எப்படி முடியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? கடைசி ரெண்டு மூணு வாரத்தைக் காணோம்" என்றாள்.

நாம் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய ஆச்சி பதில் சொல்லிவிட்டார்: "நான் என்ன செய்ய, தம்பி? அந்த மாசம் பிரசவத்துக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். புஸ்தகத்தை வாங்கி வைங்கன்னு இவ தாத்தாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அவுகளும் வாங்கித்தான் வச்சாக. நான் திரும்பி வர்றதுக்குள்ள எடைக்குப் போட்டுட்டாக!"

அந்தப் பிரசவத்தில் பிறந்தவர்தான் நமது சிநேகிதர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கதையே ஒரு பிரசவத்தைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறது. கதை நடப்பது 2021ம் ஆண்டில். நிலா என்பவளுக்கும் அவள் கணவன் சிபிக்கும் குழந்தை பெற்றுக்கொள்ளச் சர்க்காரின் அனுமதி வேண்டும். அந்த நாட்டில் குழந்தைக்கு அனுமதி, பெயருக்கு அளவு. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். கூடவே ஓர் இலக்கம். கிழவர்களுக்கு இடமே கிடையாது. எல்லாவற்றிற்கும் மேலே ஜீவா என்று ஒரு தலைவர். ஜனங்களெல்லாம் அவரைக் கொண்டாடுகிறார்கள். சிபி காணாமற் போகிறான். அவன் இருந்ததாகவே சர்க்கார்க் கணக்கில் இல்லை. நிலாவுக்குத் துணையாய் வருவது ரவி என்னும் வாலிபன் கொண்டுவந்த ஒரு யந்திர நாய். அதன் பெயர் ஜீனோ. அந்த நாய் புஸ்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, நாளாக நாளாகத் தானே யோசிக்கவும் ஆரம்பித்துவிடுகிறது.

பெண் கேட்ட முடிவைச் சொன்னோம். அந்த ஜீவா என்ற தலைவர் மனிதரே அல்லர். திரைக்குப் பின்னால் இருந்த சிலர் ஜனங்களை ஆட்டிவைப்பதற்காக உண்டாக்கிய ஒளிப் பிம்பம். சுட்டால் குண்டு பாயாது. ஏனென்றால் பாய்வதற்கு அங்கே உடம்பில்லை.

பெண் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும், "2021தான் போய்விட்டதே! ஒன்றும் பலிக்கவில்லையே?" என்றார்.

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்கு உலகமெங்கும் இந்த உபத்திரவம் உண்டு. அவர்களை ஜோசியர்களாக நினைத்துவிடுகிறோம். சொன்னது நடந்தால் "ஆகா" என்கிறோம். நடக்காவிட்டால் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறிவதுபோல் எறிந்துவிடுகிறோம். மழைக் குறி பார்த்து விதைக்கிற கரிசல் சீமையில் இந்த மனோபாவம் இருப்பது இயற்கையே. ஆனால் சுஜாதா குறி சொல்ல உட்காரவில்லை. மனிதர்களைக் கணக்கிட வல்ல ஒரு யந்திரமும், யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு தலைவரும் ஓரிடத்தில் சேர்ந்தால் வீட்டுக்குள் என்ன நேரும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வருஷம் கிடையாது.

அவர் யார் என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், அவரை ஒரு பெண் எழுத்தாளர் என்றே நம்பி வந்த வீடுகள் தமிழ்நாட்டில் அநேகம் உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். 1935ம் ஆண்டு மே மாதம் 3ந் தேதி சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டியின் கையில். பிற்காலத்தில் அவர் எழுதிய ஸ்ரீரங்கத்துக் கதைகளில் அந்தத் தெருக்களெல்லாம் வருகின்றன. திருச்சி செயின்ட் ஜோசப் கலாசாலையில் பௌதிகம் படித்தார். பிறகு சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். அவருடைய முதல் கதை 1953ல், திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' பத்திரிகையில் வந்தது. 1962ல் 'குமுதம்' ஒரு கதையை வெளியிட்டது. அந்தப் பத்திரிகையில் ஏற்கெனவே ரா. கி. ரங்கராஜன் என்று ஒருவர் எழுதி வந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன்கள் எப்படி? மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்த அம்மாளுக்குத் தமிழ்நாடு முழுவதும் இப்படி ஒரு கீர்த்தி வந்து சேரும் என்று அப்போது யார் கண்டார்கள்!

உத்தியோகம் மட்டும் ரங்கராஜன் பெயரில்தான். முதலில் விமானப் போக்குவரத்து இலாகா. வானத்தில் வரும் விமானங்களுக்குத் தரையிலிருந்து வழி சொல்லும் வேலை. பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. பகலெல்லாம் ராடாரும் மின்சார நுட்பமும்; மற்ற வேளையில் கதை. ஒரே காலத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர் கதை எழுதியவர் அவர்.

இந்த இடத்தில் இலங்கையை ஒரு முறை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆர்தர் கிளார்க் என்னும் பேர்பெற்ற ஆங்கில விஞ்ஞானக் கதாசிரியர் 1956 முதல் அங்கேதான் குடியிருந்தார். அவரும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் வேலை பார்த்தவர். பனியிலும் இருட்டிலும் விமானங்களைத் தரை இறக்க உதவும் கருவியோடு பழகியவர். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று உபகிரகங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே எழுதியவர். நமது சுஜாதா 2008 பிப்ரவரி 27ந் தேதி சென்னையில் காலமானார். இருபத்தொரு நாள் கழித்து, மார்ச் 19ந் தேதி, கிளார்க் கொழும்பில் காலமானார். கண்ணுக்குத் தெரியாத விமானத்தைத் திரையில் ஒரு புள்ளியாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வந்து சேராத காலத்தைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமாய் இராது போலும். வித்தியாசமும் உண்டு. கிளார்க்கின் கற்பனை சந்திரனுக்கும் அதற்கு அப்பாலும் சஞ்சரிக்க விரும்பியது. சுஜாதாவின் கற்பனை பெரும்பாலும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. யந்திரம் என்றால் அவருக்கு நாய். கணிப்பொறி என்றால் கோவில் தரிசனம். 'திமலா' என்ற அவருடைய சிறுகதையில் ஒரு தம்பதி எதிர்காலத்துத் திருமலைக்குப் போகிறார்கள். யந்திரமயமாகிவிட்ட அந்தத் தரிசனத்தை நினைத்துச் சிரிப்பு வருகிறது; சிரித்து முடித்ததும் சங்கடம் வருகிறது.

அவருக்கு முன்னால் நமது தேசத்தில் விஞ்ஞானக் கதையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வங்காளத்தில் ஜகதீச சந்திர போஸ் 1896ல் ஒரு கதை எழுதினார். தலைமயிர்த் தைலம் விற்கும் ஒரு வியாபாரி வைத்த போட்டிக்கு எழுதியது அது. கப்பலில் போகும் ஒருவர் ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றுகிறார். பெரும் புயல் அடங்கிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் அலையை அடக்கும் என்ற பௌதிக உண்மையின் மேல் கட்டிய கதை. தைல வியாபாரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்குமா?

இன்னொன்று நமக்கு மிகவும் நெருங்கியது. ரொக்கையா ஸகாவத் ஹுஸேன் என்ற வங்காளத்து முஸ்லிம் மாதரசி 1905ல் 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது வெளியானது நமது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் பத்திரிகையில். அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். பெண்கள் ராஜ்யம் நடத்துகிறார்கள். அங்குள்ள ஒரு சர்வகலாசாலையின் தலைவி பெரிய பலூன் ஒன்றை மேகங்களுக்கு மேலே மிதக்கவிட்டு, அதில் குழாய்களைப் பொருத்தி, வேண்டிய மட்டும் நீரை இறக்கிக்கொள்கிறாள். மற்றொரு சர்வகலாசாலை சூரியனுடைய உஷ்ணத்தைச் சேமித்து வைக்கிறது. இதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னபோது ஆச்சிதான் அதிகக் கவனத்துடன் கேட்டார். "அந்தக் குழாயை நம்ம ஊருக்கு ஒண்ணு போட்டா ஆகாதா, தம்பி?" என்றார். ஐப்பசி கார்த்திகை மழை ஒன்றையே நம்பியிருக்கும் பூமியில் வேறு என்ன கேட்பார்கள்?

எட்டயபுரத்தைத் தாண்டி வந்துவிட்டுப் பாரதியாரைக் குறிப்பிடாமலிருந்தால் அபசாரம். காசியில் பண்டிதர்கள் பேசுவதைக் காஞ்சியில் இருந்தபடியே கேட்க ஒரு கருவி வேண்டுமென்று ஆசைப்பட்டவர் அவர். அவர் 1921ல் மறைந்தார். 1924லேயே சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. மூன்று வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பாரதியார் காலத்திலிருந்தே நமது தேசபக்தர்களுக்கு ஒரு கவலை உண்டு. சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்பதுதான் அது. 1916ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் பின் எத்தனையோ குழுக்கள், எத்தனையோ அகராதிகள். சொற்கள் வந்தன, ஆனால் அவற்றை யார் வீட்டுக்கு அழைத்துப் போவது? சுஜாதா அந்த வேலையைச் செய்தார். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று 'ஜூனியர் விகட'னில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். மூளையைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதி அதற்குத் 'தலைமைச் செயலகம்' என்று பெயர் வைத்தார். சர்க்கார் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு மூளையும் புரிந்தது. மூளையைப் படித்தவர்களுக்குச் சர்க்காரின் மேல் சந்தேகமும் வந்தது. கணிப்பொறியின் உள்ளே இருக்கும் சிறு துண்டைப் பற்றிய புஸ்தகத்திற்குச் 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று பெயர். சில்லு என்றால் என்னவென்று பாண்டி விளையாடும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். உடைந்த ஓட்டுத் துண்டு. கட்டத்துக்குள் சரியாக விழ வேண்டும். இதற்கு மேல் விளக்கம் எதற்கு? ஜனங்களிடையே விஞ்ஞானத்தைப் பரப்பியதற்காக 1993ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பரிசளித்தது.

அவர் தமிழில் இங்கிலீஷ் அதிகம் கலக்கிறது என்று புலவர்கள் குறைபட்டதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலில்லை. அவசரத்தில் எழுதிய கதைகளும் இருக்கின்றன; அதையும் மறைப்பதற்கில்லை. வாராவாரம் அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் நின்றால் என்ன ஆகும் என்பது நமக்கும் சற்றுத் தெரியும்.

இனி ஓட்டு யந்திரத்துக்கு வருவோம்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் மேற்பார்த்த வேலைகளில் ஒன்று, தேர்தலில் காகிதச் சீட்டுக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கி ஓட்டுப் போடும் யந்திரம். அப்படிப்பட்ட யந்திரம் முதன்முதலில் 1982ல் கேரளத்தில் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் வைக்கப்பட்டது. அங்கே நடந்தது எந்தக் கதாசிரியருடைய கற்பனைக்கும் குறைந்ததன்று. சிவன் பிள்ளை என்பவர் 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தார். தோற்றவரான ஏ. ஸி. ஜோஸ் வழக்குப் போட்டார். யந்திரம் கணக்குத் தப்பியது என்பதல்ல முக்கிய விவகாரம். யந்திரத்தில் ஓட்டுப் போடலாம் என்று சட்டத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்பதுதான். 1984ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த 50 சாவடிகளின் தேர்தலை ரத்துச் செய்தது. காகிதச் சீட்டில் மறுபடியும் ஓட்டெடுத்தார்கள். இம்முறை ஜோஸ் ஜயித்தார்! பிறகு 1988ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. 2001ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுவதும் யந்திரத்தில் நடந்தது. 2004ல் பாராளுமன்றத் தேர்தல் தேசம் முழுவதும் அப்படியே. பாட்டரியில் ஓடுகிற யந்திரமாகையால், மின்சாரம் எட்டாத குக்கிராமத்திலும் அதை மேஜை மேல் வைத்துவிடலாம்.

"அந்த மிஷின் செஞ்சதிலேயும் இவுகளுக்குப் பங்குண்டா?" என்று ஆச்சி ஆச்சரியப்பட்டார். "'கீ'ன்னு ஒரு சத்தம் வருமே, அது வந்தாத்தான் எனக்கு ஓட்டுப் போட்ட மாதிரி இருக்கும்."

பெண்ணின் யோசனை வேறாயிருந்தது. "பொய்த் தலைவனைப் பத்தி எழுதினவரு ஓட்டு மிஷின் எதுக்கு மாமா செஞ்சாரு? அதுக்குள்ளேயும் ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டா?"

நாம் இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறோம். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதில்லை. ஒரே மனிதர், ஒரே மேஜை. ஒரு பக்கம், ஜனங்கள் கொண்டாடும் தலைவன் வெறும் ஒளி என்று கதை. மறு பக்கம், அதே ஜனங்கள் தலைவனைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமா? அல்ல என்றே நமக்குப் படுகிறது. கதையில் வரும் ஜனங்களுக்கு யந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்க உரிமையில்லை. இங்கே கேட்கிறார்கள்; கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2013ல் நாகலாந்தில் நோக்ஸன் தொகுதியிலே தொடங்கி, அழுத்திய பொத்தானுக்கு ஒரு காகிதச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழும்படி செய்தது அந்தச் சந்தேகத்தின் பலன்தான். சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் சரியென்று நாம் சொல்லவில்லை. தேர்தலில் தோற்றவர்களுக்கு மட்டுமே வரும் சந்தேகம் நமக்குத் தெரியாததல்ல. ஆயினும் நிலா என்ற கற்பனைப் பெண் செய்ததும், விளாத்திகுளத்துப் பெண் கேட்டதும் ஒரே காரியம். இதை நம்மால் முடிந்த வரையில் அவளிடம் சொன்னோம். அவள் முழுவதும் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

சுஜாதாவின் மேல் நமக்கு உள்ள ஒரு குறையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். அவருடைய எதிர்காலத்தில் சம்சாரிக்கு இடம் மிகக் குறைவு. வருங்காலம் என்றாலே பட்டணந்தான் என்று அவர் எண்ணியது போலத் தோன்றுகிறது. ஏர் பிடிப்பவன் 2021ல் என்ன செய்கிறான்? ஜீனோ பதில் சொல்லவில்லை.

இந்தப் பக்கமும் ஒரு குறை உண்டு. கரிசல் பூமியைப் போல் கதாசிரியர்களைத் தந்த மண் தமிழ்நாட்டில் அரிது. இடைசெவல் என்ற ஒரே சிற்றூரிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். கோவில்பட்டிச் சீமையிலிருந்து பூமணி வந்தார்; சோ. தர்மன் வந்தார். மண்ணின் நேற்றையும் அதற்கு முந்தின நாளையும் இவர்கள் எழுதியதைப்போல் எழுத யாருமில்லை. ஆனால் இந்த மண்ணின் நாளையை எழுதியவர் எவர்? கோவில்பட்டியில் 1901லிருந்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. 'கே' என்ற எழுத்தைச் சுமந்த பருத்தி, சோள ரகங்கள் அங்கிருந்து புறப்பட்டு வந்தவை. கயத்தாற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. நாம் வந்த வழியில் புஞ்சையிலே சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக்கும் பலகைகள் வரிசையாய் நின்றன. ரொக்கையா அம்மையார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்தப் புஞ்சையில் நேற்று வரை உளுந்து விதைத்தவர் என்ன ஆனார் என்றும் கேட்டிருப்பார். இதே தூத்துக்குடி ஜில்லாவில், குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட்டு ஏவும் தளத்திற்கு 2024 பிப்ரவரி 28ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேரே சமுத்திரம். தேரிக்காட்டுப் பனை மரங்களுக்கு மேலே ராக்கெட்டு எழும்பப் போகிறது. இதற்கு மேல் ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும் என்று நமக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை நாம் புறப்படும் சமயம், பெண் ஒரு கோடு போட்ட நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். காணாமற்போன அத்தியாயங்களை அவளே எழுதியிருந்தாள். நாம் முடிவைச் சொல்வதற்கு முன்பே, முதல் நாள் இரவு எழுதினாளாம். சொன்ன பிறகும் அதை மாற்றவில்லை. அவளுடைய முடிவில் நிலா பட்டணத்தை விட்டுத் தப்பி, ஐப்பசி மாதத்து அடைமழையில், ஜீனோவுடன் வைப்பாற்றங்கரைக்கு வந்து சேருகிறாள். யந்திர நாய் நாலு கால் பாய்ச்சலில் கரிசல் காட்டைக் கடந்து ஓடுகிறது. சர்க்கார் ஆட்கள் துரத்துகிறார்கள்.

நாம் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தோம். ஆச்சி திண்ணையிலிருந்தபடி இடைமறித்தார்.

"ஏ தாயி, ஐப்பசி மழையிலே கரிசல்ல எப்படி ஓடும்? ஓரெட்டு வச்சா ஒரு பொதி மண்ணு காலோட வருமே! இரும்பு நாயி அங்கனயே நின்னு போகும்."

பெண் சற்று யோசித்துவிட்டு ரப்பரால் 'ஐப்பசி'யை அழித்துச் 'சித்திரை' என்று எழுதினாள்.

"சித்திரையிலேன்னா வெடிப்புல கால் மாட்டிக்கிடும்" என்றார் ஆச்சி.

பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அவள் மறுபடியும் யோசிக்கத் தொடங்கினாள். கோவில்பட்டி பஸ் வந்துவிட்டபடியால் ஜீனோ எந்த மாதத்தில் ஓடிற்று என்பதைத் தெரிந்துகொள்ளாமலே நாம் கிளம்ப வேண்டியதாயிற்று. அச்சிட்ட புஸ்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.